கைக்குழந்தை, சிறு பிள்ளை, பெட்டிகள்: விமான நிலையத்தை ஒரே ஆளாகக் கடப்பது எப்படி?

கைக்குழந்தை ஒன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒன்று, இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு ஸ்ட்ரோலர் (பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி). உடன்வர வேறு பெரியவர் யாரும் இல்லை. வழியில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். இதை ஒருவரே சமாளிக்க முடியுமா, எங்கெங்கே சிக்கல் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக முடியும். செக்-இன் கவுன்டரிலும் விமானம் ஏறும் கேட்டிலும் பல ஆண்டுகள் பணியாற்றியதால், இப்படித் தனியாக வரும் தாய்மார்களையும் தந்தையரையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதிகம் அலைக்கழியாமல் கடந்து போனவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்திருந்தார்கள்: பிள்ளைகளையும் தங்கள் பொருள்கள் அத்தனையையும் ஒரே நடையில் நகர்த்த அவர்களால் முடிந்தது. வீட்டில் ஒரு பையை வைத்துவிட்டு வந்து இன்னொன்றை எடுத்துச் செல்லலாம். விமான நிலையத்தில் ஆளில்லாமல் விட்ட பை பாதுகாப்புப் பிரச்சினை ஆகிவிடும். ஆளில்லாமல் பிள்ளையை விடுவது நினைத்தும் பார்க்க முடியாதது. ஆகவே இரண்டாம் நடை என்ற ஒன்றே அங்கு கிடையாது என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

இதைப் புறப்படும் நாளன்று சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டு நாள் முன்னதாகவே, விமானத்துக்குள் எடுத்துப்போகும் பொருள்களை முழுவதுமாகக் கட்டி முடித்து, குழந்தையைக் கேரியரில் மார்போடு கட்டிக்கொண்டு, பெரிய பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து பாருங்கள். போகும் வழியில் ஒரு கதவைத் திறந்து மூடுங்கள், குனிந்து செருப்பைச் சரிசெய்யுங்கள், பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். எங்கே கை போதாமல் தடுமாறுகிறீர்களோ அங்கே ஒரு பொருளைக் குறைக்க வேண்டும். தோளில் தொங்கும் பை குனியும்போதெல்லாம் முன்னால் சரிந்து குழந்தையின் மேல் விழும். முதுகில் மாட்டும் பைதான் சரி. பெரிய பிள்ளைக்கென்று சக்கரம் வைத்த குட்டிப் பெட்டி வாங்கித் தரும் ஆசை பலருக்கு உண்டு. பிள்ளை அதைப் பத்து நிமிடம் உற்சாகமாக இழுக்கும். அதன் பிறகு அதைச் சுமக்கப் போவது நீங்கள்தான். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரோலர் கைக்குழந்தைக்கு, பெரியவன் நடந்து வருவான் என்றுதான் பெரும்பாலானோர் கணக்குப் போடுகிறார்கள். தனியாகப் போகும்போது அதை மாற்றிப் போடுவதே நல்லது. கைக்குழந்தை உங்கள் மார்பில் கட்டப்பட்டிருக்கும்வரை எங்கும் போய்விட முடியாது, அழுதாலும் தட்டிக்கொடுக்கலாம், உங்கள் இரண்டு கைகளும் காலியாக இருக்கும். தூக்கம் கலைந்து, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, நீண்ட நடைபாதையில் பாதி வழியில் கீழே உட்கார்ந்துவிடுவது நான்கு வயதுப் பிள்ளைதான். அப்போது இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பையையும் சுமக்க யாராலும் முடியாது. ஆகவே பெரிய பிள்ளையின் எடையைத் தாங்கக்கூடிய, ஒரே கையால் மடக்கக்கூடிய, இடுப்பு வார் உள்ள ஸ்ட்ரோலராகத் தேர்ந்தெடுங்கள். ‘நான் பெரிய பிள்ளை, வண்டியில் உட்கார மாட்டேன்’ என்று அடம் வரலாம் என்பதால், விமான நிலையத்தில் எல்லோருக்கும் வண்டி உண்டு, இது உன் வண்டி என்று முன்கூட்டியே பேசிவைப்பது உதவும்.

டிக்கெட் எடுக்கும்போதே முடிக்க வேண்டியவை சில இருக்கின்றன. இரண்டு வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துப் பயணிக்கலாம். இரண்டு வயது ஆகிவிட்டால் தனி இருக்கை வேண்டும். போகும்போது இரண்டு வயது ஆகாமல், திரும்பி வருவதற்குள் பிறந்தநாள் வந்துவிடும் குழந்தைக்குத் திரும்பும் பயணத்தில் இருக்கை வாங்கியாக வேண்டும். இது தெரியாமல் கவுன்டருக்கு வந்து கண்கலங்கி நிற்பவர்களைப் பார்ப்பது எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கும். ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைதான் அனுமதி என்பதால், இரண்டு வயதுக்குட்பட்ட இருவரோடு தனியாகப் போகிறவர் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. சுவரில் பொருத்தும் தொட்டில் முன்சுவர் உள்ள வரிசைகளில் மட்டுமே கிடைக்கும், எண்ணிக்கையும் குறைவு. அதற்கு எடை வரம்பும் உண்டு என்பதால் பத்து மாதக் குழந்தை அதில் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் விமானம் மாறுகிற பயணத்தை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனி டிக்கெட்டுகள் மலிவாகத் தெரியலாம். ஆனால் நடுவழியில் பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டி வந்தால் அந்தச் சேமிப்பு உங்களுக்கு வேண்டாததாகிவிடும். இணைப்பு விமானத்துக்கு ஒரு மணி நேர இடைவெளி தனியாளுக்குப் போதும், உங்களுக்குப் போதாது. மூன்று மணி நேரம் இருப்பதாகப் பாருங்கள்.

உதவி கேட்கலாமா என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. கேட்க வேண்டும், அதுவும் முன்பதிவின்போதே கேட்க வேண்டும். வரவேற்று உடன் அழைத்துச் செல்லும் சேவை என்று ஒன்று உண்டு. விமானத் துறையில் ‘மீட் அண்ட் அசிஸ்ட்’ என்பார்கள், அதற்கான குறியீடு எம்ஏஏஎஸ். கைக்குழந்தையோடு தனியாக வருபவருக்குச் சில நிறுவனங்கள் இதை இலவசமாகவே தருகின்றன. பல இடங்களில் கட்டணம் கட்டிப் பெறலாம். புறப்படும் ஊரில் மட்டுமல்லாமல், விமானம் மாறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இந்த உதவிக்குப் பதிலாகச் சக்கர நாற்காலி கேட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நடக்க முடிகிறவர் அதைக் கேட்டால், உண்மையிலேயே நடக்க முடியாத முதியவர் ஒருவர் கதவருகே காத்துக்கிடக்க நேரும். அதைச் செய்யாதீர்கள். பிள்ளைக்கு ஆட்டிசம் போன்ற, பார்த்தவுடன் தெரியாத ஒரு நிலை இருந்தால், சூரியகாந்திப் பூ அச்சிட்ட பச்சைக் கழுத்துப்பட்டையைப் பற்றி விசாரியுங்கள். 2016-இல் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய அந்த ஏற்பாடு இன்று பல நாடுகளின் விமான நிலையங்களில் இருக்கிறது. அதை அணிந்திருந்தால் நீங்கள் ஒவ்வொரு ஊழியரிடமும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காகிதங்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டும் விசாவும் எல்லோருக்கும் நினைவிருக்கும்; உடன் வராத தாயின் அல்லது தந்தையின் இசைவுக் கடிதம் நினைவிருக்காது. தாயோ தந்தையோ மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடும் வழக்குகளுக்காகவே 1980-இல் ஹேக் உடன்படிக்கை உருவாக்கப்பட்டது. அதனால்தான் பல நாடுகளின் எல்லை அதிகாரிகள் ஒற்றைப் பெற்றோரோடு வரும் குழந்தையைக் கண்டால் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்கிறார்கள். பயணத் தேதி, செல்லும் இடம், இருவரின் பாஸ்போர்ட் எண்கள், தொடர்பு எண் ஆகியவற்றோடு நோட்டரி கையொப்பமிட்ட கடிதத்தையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரும் பிள்ளையின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் இன்னும் முக்கியம். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை உங்களுக்கு அளித்த நீதிமன்ற உத்தரவோ மற்றவரின் இறப்புச் சான்றிதழோ உங்கள் நிலைமையாக இருந்தால் அதன் நகல் வேண்டும். இவை எல்லாம் உடலின் குறுக்கே மாட்டும் ஒரு சிறிய பையில் இருக்கட்டும். அதில் பாஸ்போர்ட்டுகள், போர்டிங் பாஸ்கள், கைபேசி, ஒரு வங்கி அட்டை, இந்தக் கடிதங்கள் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. டயப்பரும் ஈரத் துணியும் அந்தப் பைக்குள் நுழைந்துவிட்டால், கவுன்டரின் முன் நின்று தோண்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

நிலையத்தின் வாசலிலிருந்து செக்-இன் கவுன்டர் வரை உள்ள தூரம் குறுகியதுதான், ஆனால் புறப்பாட்டில் பெரிய பெட்டிகள் உங்களோடு இருக்கும் ஒரே கட்டம் அதுதான். பல விமான நிலையங்களின் டிராலியில் கைப்பிடியை அழுத்திப் பிடித்தால்தான் பிரேக் விலகும். ஆகவே அதற்கு இரண்டு கைகளும் போய்விடும், பிள்ளையின் கையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. ஸ்ட்ரோலரை மடக்கி டிராலியில் பெட்டிகளோடு போட்டுவிட்டு, குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு, பெரிய பிள்ளையை டிராலியின் பக்கக் கம்பியைப் பிடித்தபடி நடக்கச் சொல்லுங்கள். பெட்டிகளின் மேல் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். டிராலி திரும்பும் போதும் சரிவில் இறங்கும் போதும் பெட்டி நழுவி, பிள்ளை தலைகுப்புற விழுவதுண்டு. டிராலியையும் ஸ்ட்ரோலரையும் எஸ்கலேட்டரில் ஏற்றவே கூடாது. லிஃப்ட் எங்கே என்று தேடிப் போவதற்கான நேரத்தைச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். வழியனுப்ப வருகிறவர் எதுவரை வரலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் விமான நிறுவனமே, பிள்ளைகளோடு தனியாகப் போகிறவருக்குத் துணையாக ஒருவர் கேட் வரை செல்ல அனுமதிச் சீட்டு தரும். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கவுன்டரில் பெட்டிகளை ஒப்படைக்கும்போது, அவற்றில் கட்டப்படும் சீட்டில் நீங்கள் கடைசியாக இறங்கப்போகும் ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை; உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட எடை அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஸ்ட்ரோலரைக் கேட் வரை கொண்டுபோக விரும்புகிறேன் என்று சொல்லி அதற்குரிய சீட்டை வாங்குங்கள். கூடவே, விமானம் மாறும் இடத்தில் ஸ்ட்ரோலர் விமானத்தின் கதவருகே கைக்கு வருமா, அல்லது கடைசி ஊரில் பெட்டிகளோடுதான் வருமா என்றும் கேளுங்கள். பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் அது கடைசி ஊருக்கே போய்விடும். அப்படியானால் மாறும் இடத்தில் இரவல் ஸ்ட்ரோலர் கிடைக்குமா என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். பெட்டிகள் கையைவிட்டுப் போனதும் ஸ்ட்ரோலரை விரித்துப் பெரிய பிள்ளையை உட்கார வைத்து, நேரே கழிவறைக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கோ குடும்பங்களுக்கோ உரிய பெரிய அறையாகப் பார்த்து, ஸ்ட்ரோலரோடு எல்லோரும் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். கேரியரைக் கழற்றாமலே உங்கள் வேலையையும் முடித்துக்கொள்ளலாம்.

இனி வருவது பாதுகாப்புச் சோதனை. தனியாக வருகிற பெற்றோர் அதிகம் நிலைகுலைவது இங்கேதான். ஏனெனில் இங்கு ஒரு சில நிமிடங்களுக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கையிலிருந்து விட வேண்டியிருக்கிறது. செய்யும் வரிசையை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் பாதி பதற்றம் குறையும். குடும்பங்களுக்கான தனி வரிசை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வரிசையில் நிற்கும்போதே ஸ்ட்ரோலரின் கீழ்க்கூடையைக் காலிசெய்து, பெல்ட், சாவி, கடிகாரம் எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டுவிடுங்கள். பைகளைச் சோதனை இயந்திரத்துக்குள் கொண்டுபோகும் ஓடும் பெல்ட்டின் முன் வந்ததும் பெரிய பிள்ளையை இறக்காதீர்கள். வார் கட்டியபடியே அது ஸ்ட்ரோலரில் இருக்கட்டும். உங்கள் கைகள் இரண்டும் காலியாக இருக்கும்போதே முதுகுப்பை, மின்னணுப் பொருள்கள், பால் ஆகியவற்றைத் தட்டுகளில் வைத்து முடியுங்கள். எல்லாம் போன பிறகு பிள்ளையை இறக்கி, ஸ்ட்ரோலரை மடக்கி ஏற்றுங்கள். பாஸ்போர்ட் பை கடைசியாக, நீங்கள் நடக்கத் தொடங்கும் நொடியில் உள்ளே போகட்டும். முதலில் அனுப்பினால் அது அந்தப் பக்கம் போய் ஆளில்லாமல் கிடக்கும். மடக்கிய ஸ்ட்ரோலர் இயந்திரத்துக்குள் நுழையாவிட்டால் அவர்களே கையால் சோதித்துத் தருவார்கள்.

2006-இல் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று வெளிப்பட்ட பிறகு, ஒரு புட்டியில் 100 மில்லி லிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும், பயணத்துக்குத் தேவையான அளவுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் பையின் அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் பையைத் திறந்து தேடுவார்கள், உங்கள் நேரம் போகும். தனியாக எடுத்து வைத்து, ‘இது குழந்தையின் பால்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சோதனைக்கு உட்படுத்துவார்கள், அது இயல்பு. கேரியரில் இருக்கும் குழந்தையோடு அப்படியே நடக்கவிடும் நாடுகள் உண்டு, கழற்றச் சொல்லும் நாடுகளும் உண்டு. கழற்றச் சொன்னால் கேரியர் பெல்ட்டில் போகும், குழந்தையைக் கையில் ஏந்தி நீங்கள் நடப்பீர்கள். ஆகையால் முதுகுப்பக்கம் இன்னொருவர் வந்து பூட்டிவிட வேண்டிய கேரியரைத் தவிர்த்து, நீங்களே மாட்டிக் கழற்றக் கூடியதாக வாங்குங்கள். பெரிய பிள்ளை முன்னே போகட்டுமா பின்னே வரட்டுமா என்று எதிரே நிற்கும் அதிகாரியிடமே கேளுங்கள். பிள்ளை அணைத்திருக்கும் பொம்மையும் இயந்திரத்துக்குள் போயாக வேண்டும். இதை அங்கே வைத்துச் சொன்னால் அழுகை வெடிக்கும். பொம்மை ஒரு சுரங்கத்துக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வரும், நீ போய் அதை வாங்கிக்கொள் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தால், பிள்ளை பொம்மையைத் தானே தட்டில் படுக்க வைத்துவிட்டு, அது வெளியே வரும் துளையைப் பார்த்தபடி நிற்கும். நீங்கள் அந்தச் சில நொடிகளில் நடந்துவிடலாம். எச்சரிக்கை மணி அடித்து உங்களைத் தனியாகச் சோதிக்க நேர்ந்தால், பிள்ளைகள் என் பார்வையிலேயே இருக்க வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அந்தப் பக்கம் வந்ததும் முதலில் ஸ்ட்ரோலர், பிறகு பிள்ளை, இடுப்பு வார், அடுத்தது பாஸ்போர்ட் பை, மற்றவை அதற்குப் பிறகு. பெல்ட்டின் முனையிலேயே நின்று எல்லாவற்றையும் அடுக்க முயலாமல், வாரிக்கொண்டு சற்றுத் தள்ளியுள்ள பெஞ்சுக்குப் போய்விடுங்கள். கிளம்பும்முன் எண்ணிப் பாருங்கள்: ஆள் மூன்று, பொருள் நான்கு என்பதைப் போல ஓர் எண்ணிக்கையை வீட்டிலேயே முடிவு செய்து, நகரும் ஒவ்வொரு முறையும் பெரிய பிள்ளையையே சத்தமாக எண்ணச் சொல்லலாம். மறந்துபோன பொம்மையும் தட்டிலேயே தங்கிவிட்ட கைபேசியும் இந்த எண்ணிக்கையில்தான் பிடிபடும்.

குடியேற்றப் பரிசோதனையில் தானியங்கி வாயில்களுக்குப் பெரும்பாலும் வயது வரம்பு உண்டு என்பதால், சிறு பிள்ளைகளோடு வருகிறவர் அந்த வரிசையில் நின்று ஏமாறாமல் அதிகாரி அமர்ந்திருக்கும் மேசைக்கே போக வேண்டும். பாஸ்போர்ட்டுகளின் உறைகளைக் கழற்றி, புகைப்படப் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். அதிகாரி பெரிய பிள்ளையிடம் ‘இவர் யார்?’ என்று கேட்கலாம். அது சாதாரணக் கேள்விதான் என்று பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.

பிள்ளை கூட்டத்தில் தவறிவிட்டால் என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிறது. அதற்குச் செய்யக் கூடியவை எளியவை. வீட்டிலிருந்து கிளம்பும்போது அன்று உடுத்தியிருக்கும் உடையோடு பிள்ளையை முழு உருவமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பட்டையின் உட்பக்கத்தில் உங்கள் கைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். வெளியே தெரியும்படி பெயரை எழுத வேண்டாம், பெயரைச் சொல்லி அழைக்கும் அந்நியரைப் பிள்ளை எளிதில் நம்பிவிடும். ‘என்னைக் காணவில்லை என்றால் தேடி ஓடாதே, அங்கேயே நில், நான் வருவேன், சீருடை அணிந்து கவுன்டருக்குப் பின்னால் இருப்பவரிடம் மட்டும் கேள்’ என்பதைப் பலமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

விமானம் கிளம்பும்வரை கிடைக்கும் நேரத்தில் பிள்ளையை உட்கார வைக்க முயலாதீர்கள், நடக்கவும் ஓடவும் விடுங்கள். அடுத்த பல மணி நேரம் உட்கார்ந்துதானே வர வேண்டும். ஏறுவதற்கு அழைக்கும் முன்பே டயப்பரையும் கழிவறையையும் முடித்துக்கொண்டு கேட்டுக்குப் போய்விடுங்கள். குடும்பங்களை முதலில் ஏற அழைத்தால் ஏறிவிடுங்கள். பிள்ளைகளைக் கடைசி வரை வெளியே ஓடவிட்டு மெதுவாக ஏறலாம் என்ற யோசனை, ஒருவர் முன்னே போய் இடம்பிடிக்க முடிகிற இருவருக்குத்தான் பொருந்தும். ஸ்ட்ரோலரை விமானத்தின் கதவருகே கொடுக்கும்போது கூடையில் பவர் பேங்க் கிடக்கிறதா என்று பாருங்கள். அது சரக்கறைக்குள் போகவே கூடாத பொருள். விமானம் கீழே இறங்கத் தொடங்கும்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காதின் அழுத்தம் சமமாகி வலி குறையும்.

இறங்கும் இடத்தில் அவசரப்படுவதால் எதுவும் கிடைக்காது. கூட்டம் இறங்கிய பிறகு எழுந்தால், இருக்கையின் இடுக்கில் விழுந்தவற்றை எடுக்க நேரம் கிடைக்கும், பையை மேலிருந்து எடுத்துத்தர ஊழியருக்கும் கை காலியாக இருக்கும். பெட்டிகள் வரும் பெல்ட்டில் மட்டும் மறுபடி முழுக் கவனம் வேண்டும். முதலில் டிராலியை எடுத்து, பெல்ட்டிலிருந்து நாலைந்து அடி தள்ளி, உங்கள் கண்ணுக்கு நேராக ஸ்ட்ரோலரை நிறுத்திப் பிரேக் போட்டு, பெரிய பிள்ளையை வார் கட்டி உட்கார வையுங்கள். ஓடும் பெல்ட்டின் இடுக்கில் சிறு விரல்கள் மாட்டிக்கொள்ளும் என்பதால் பிள்ளையை அதன் ஓரத்தில் நிற்கவிடக் கூடாது. குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டு இருபது கிலோ பெட்டியை எட்டிப் பிடித்து இழுப்பது உங்களுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. பக்கத்தில் நிற்பவரிடம் பெட்டியைக் காட்டி, ‘அந்தச் சிவப்பு நாடா கட்டிய நீலப் பெட்டியை எடுத்து இந்த டிராலியில் வைக்க முடியுமா?’ என்று கேளுங்கள். ‘கொஞ்சம் உதவுங்களேன்’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவரைப் பார்த்து, ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கேட்டால் மறுப்பவர் அரிது. உங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லாமல், பெட்டியைத் தூக்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றாலும் பெட்டி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உங்களிடமே வரும்.

ஸ்ட்ரோலரின் சக்கரமோ சட்டமோ உடைந்து வந்திருந்தால், வெளியே போகும்முன் அந்த அறையிலேயே உள்ள பெட்டிகளுக்கான கவுன்டரில் புகார் பதிந்து நகல் வாங்குங்கள். 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், சேதத்துக்கான புகாரைப் பெட்டி கைக்கு வந்த 7 நாள்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கிடைத்த நாளிலிருந்து 21 நாள்கள் அவகாசம். அழைத்துப்போக வருகிறவரிடம், வெளியேறும் கதவுக்கு மிக அருகில் நிற்கும்படியும், வண்டியில் இரண்டு பிள்ளைகளுக்குமான இருக்கைகளை முன்பே பொருத்தி வைக்கும்படியும் கிளம்பும் நாளன்றே சொல்லிவிடுங்கள்.